நூற்று முப்பத்தோர் ஆயுதங்கள்

ஆகஸ்டு மாதம் ஐந்தாம் நாள், திங்கட்கிழமை. வானம் சாம்பல் அப்பியது போல் மூடிக் கிடந்தது. மழை பெய்யவுமில்லை, விலகிப் போகவுமில்லை. அன்று காலையில்தான் அப்பள்ளியின் வாயிலில் ஆயுதம் கண்டறியும் கருவி நிறுவப்பெற்றது. பள்ளி தோன்றிய நாள் முதல் அங்கு ஓர் ஆயுதமும் கண்டறியப்பட்டதில்லை. கண்டறியக் கருவி இல்லாமையே அதற்குக் காரணம் எனப் பள்ளிப் பாதுகாப்பு இயக்ககம் முடிவு செய்திருந்தது.

கருவி என்பது கதவில்லாத ஒரு வாசல்நிலை. இருபுறமும் ஆளுயரத் தூண்கள். தலைக்கு மேல் ஒரு சட்டம். சட்டத்தின் நடுவே இரண்டு விளக்குகள். பச்சை எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் கருவி கத்தும்; படமும் பிடித்துக்கொள்ளும். சோற்று டப்பாவையும் கத்தியையும் வடிவத்தாலேயே பிரித்தறியும் அறிவு அதற்கு உண்டென்று உடன் வந்த கையேடு உரைத்தது.

திறப்பு விழாவுக்கு இயக்குநரே எழுந்தருளினார். அவர் கருவிக்கு உட்புறம் நின்றார். தூண்களுக்கிடையே பட்டு நாடா கட்டப்பட்டிருந்தது. கத்தரிக்கோலோ தட்டோடு வெளிப்புறம் இருந்தது. அதை உள்ளே நீட்டியபோது கருவி கத்திற்று. மீண்டும் நீட்டினர், மீண்டும் கத்திற்று. முடிவில் வாயிற்காவலர் அழைக்கப்பட்டு, நாடாவின் முடிச்சை நகத்தால் கிள்ளிக் கிள்ளி அவிழ்த்தார். அதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அதுவரை அனைவரும் கைதட்டிக்கொண்டிருந்தனர்.

“பெருமக்களே!” என்றார் இயக்குநர். “இக்கருவி பிறந்த முதல் நிமிடத்திலேயே ஓர் ஆயுதத்தைத் தடுத்துவிட்டது. அந்த ஆயுதத்தை நாமே கொண்டுவந்தோம் என்பது சிறு செய்தி. தடுத்தது என்பதே பெருஞ்செய்தி.”

முடிச்சை அவிழ்த்த வாயிற்காவலர் அவ்வாயிலில் இருபத்தோர் ஆண்டுகளாக நிற்பவர். பிள்ளைகள் அவரைக் கேட் மாமா என்று அழைத்தனர். அவர் முகம் பார்ப்பவர். காய்ச்சலை மறைத்துக்கொண்டு வரும் பிள்ளையை நெற்றியைத் தொடாமலே கண்டுகொள்வார். முந்தின நாள் வீட்டில் சண்டை நடந்திருந்தால் அதை நடையிலேயே கண்டுகொள்வார். ஒரு முறை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கையை இறுக மூடிக்கொண்டு வந்தது. விரிக்கச் சொன்னார். உள்ளே ஒரு பிளேடு. யாருக்கு இது என்று கேட்டார், பிள்ளை அழுதது. அரைமணி நேரம் தம் முக்காலியில் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, பேசி, பிளேடைச் சாக்கடையில் எறிந்துவிட்டு, வகுப்புக்கு அனுப்பினார். எந்தப் பதிவேட்டிலும் ஏறாமையால் அது நிகழாததாகவே கருதப்பட்டது.

அவருக்கு ஒரே மகள். தாயை ஐந்தாம் வகுப்பில் இழந்தவள்; இப்போது அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. வரும் மார்ச்சு மாதம் அவள் அங்கேயே தேர்வெழுதி முடிக்க வேண்டும் என்பதற்கு மேல் அவர் உலகில் எதையும் வேண்டியதில்லை.

கருவியைப் பொருத்த வந்த பெண் புறப்படும் முன் அவரைத் தனியே அழைத்தாள்.

“அண்ணே, இத ஒண்ணு மட்டும் நல்லாக் கேட்டுக்குங்க. தினம் ஒரு தடவையாவது இதுக்கு ஆயுதத்தக் காட்டணும்.”

“ஏம்மா, இல்லாட்டி பசிக்குமா அதுக்கு?”

“அப்படித்தான் வச்சுக்குங்களேன். ஒரு வாரம் காட்டலைன்னா தூங்கிடும். பச்சை மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். பீரங்கியே போனாலும் கத்தாது.”

“தூங்குதுன்னு எப்படிம்மா தெரியும்?”

“தெரியாதுண்ணே. அதுக்குத்தான் தினம் காட்டச் சொல்றோம்.”

அவள் கொடுத்துச் சென்ற மாதிரி ஆயுதம் ஒரு சாண் நீள இரும்புத் தகடு. கத்தியின் வடிவம் உண்டு, கூர் இல்லை. மரப்பிடி உண்டு. வெண்ணெயைக்கூட வெட்டாது. ஆயினும் அதைக் கண்டதும் தலைமையாசிரியை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

“இத இங்க வைக்கக் கூடாது. பள்ளி வளாகத்துக்குள்ள எந்த ஆயுதமும் இருக்கக் கூடாதுன்னு விதி நாலு சொல்லுது.”

“மாதிரிதானேம்மா?”

“மாதிரின்னாலும் பேரு ஆயுதம்தானே? உங்க வீட்டுலயே வச்சுக்குங்க. காலையில கொண்டு வாங்க, காட்டுங்க, சாயங்காலம் கொண்டு போயிடுங்க.”

“அத ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டீங்கன்னா…”

“எழுதிக் குடுத்தா, பள்ளிக்கூடத்துக்கு ஆயுதம் கொண்டு வரச் சொன்னது நான்னு ஆயிடாதா?” என்றார் தலைமையாசிரியை. அவர் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றியும் ஒரு பழியும் சுமவாதவர். அது எவ்வாறு இயன்றது என்பதை வாயிற்காவலர் அன்று அறிந்துகொண்டார்.

இவ்வாறு, ஆயுதமே இல்லாதிருந்த பள்ளிக்கு நாள்தோறும் ஓர் ஆயுதம் வரலாயிற்று.

வீட்டில் கட்டம் போட்ட பழைய துண்டு ஒன்றை அவர் இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியில் மகளின் சோற்று டப்பாவையும் மறு பாதியில் மாதிரி ஆயுதத்தையும் சுற்றி, அடுப்பங்கரை அலமாரியில் டப்பா இடப்புறமும் ஆயுதம் வலப்புறமுமாக அடுத்தடுத்து வைத்தார். காலையில் டப்பா மகளின் பைக்குள் போகும்; மற்றது அவருடைய பைக்குள் போகும். உடன்பிறப்பில்லாத மகள் அதற்குத் தம்பி என்று பெயரிட்டாள்.

“அப்பா, தம்பிய எடுத்துக்கிட்டீங்களா?”

“எடுத்துக்கிட்டேன்.”

“பாவம், தினம் பள்ளிக்கூடம் போறான். ஒரு எழுத்து தெரியல.”

“நீ ஒழுங்காப் படி. அவனுக்கு எழுத்துத் தெரியாட்டியும் உத்தியோகம் கிடைச்சிடுச்சு.”

காலை ஏழு பத்துக்கு, பிள்ளைகள் வருமுன், அவர் பையோடு கருவியினூடே நடப்பார். கருவி கத்தும், சிவப்பு எரியும், படம் பிடிக்கப்படும். அவர் புன்னகை செய்வார். படம் பிடிக்கும்போது சிரிக்க வேண்டும் என்பது அவர் கொண்ட எண்ணம்.

செப்டம்பரில் விதி ஒன்பது வந்தது. காவலர் விளக்கை மட்டுமே நோக்க வேண்டும். பிள்ளைகளின் முகத்தை நோக்கலாகாது. முகம் பார்த்தல் பாரபட்சத்துக்கு இடமளிக்கும் என்றும், விளக்குக்கு அத்தகைய குறைபாடு இல்லை என்றும் விளக்கம் தரப்பட்டிருந்தது. அன்று முதல் வாயிற்காவலர் அண்ணாந்தே நின்றார். காய்ச்சல்காரப் பிள்ளைகள் பச்சை விளக்கின் கீழ் உள்ளே சென்று, வகுப்பில் மயங்கி விழுந்தனர். அவர்களிடம் ஆயுதம் இருந்ததில்லை.

நவம்பரில் பெற்றோர் கூட்டம். மண்டபத்தின் கதவருகே தண்ணீர்க் குடத்தோடு வாயிற்காவலர் நின்றார். இயக்குநர் ஒரு தாளை உயர்த்திப் பிடித்தார்.

“இக்கருவி வருமுன் இப்பள்ளியில் பிடிபட்ட ஆயுதங்கள் எத்தனை? சுழியம்! வந்த மூன்றே மாதங்களில் எத்தனை? அறுபத்தொன்று! பெற்றோர்களே, கருவி இல்லாத அந்த ஆண்டுகளில் பிடிபடாமல் எத்தனை ஆயிரம் ஆயுதங்கள் உள்ளே போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!”

எண்ணிப் பார்த்த தாய்மார் சிலர் விம்மினர்.

“இன்னும் கேளுங்கள். இந்த அறுபத்தொன்றையும் கொண்டுவந்தவன் ஒருவனே. நாள்தோறும் ஒரே நேரத்தில் வந்திருக்கிறான். ஒவ்வொரு படத்திலும் சிரிக்கிறான்!”

வாயிற்காவலர் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார். “ஐயா, அது நான்தாங்க. சோதனைக்காக…”

“ஒப்புக்கொள்கிறார்!” என்றார் இயக்குநர். மண்டபம் கைதட்டல்களால் அதிர்ந்தது.

மறுநாள் முதல் மகள் வகுப்பின் கடைசிப் பலகையில் தனியே அமர்த்தப்பட்டாள். அதைத் தண்டனை என்று எவரும் கூறவில்லை. “தொடர்புடையோர் இடைவெளி” என்றே குறிப்பிட்டனர். மதிய வேளையில் அவள் சோற்று டப்பாவைத் திறந்தால் சுற்றியிருந்தோர் எழுந்து வேறு மரத்தடிக்குச் சென்றனர்.

“என் பக்கத்துல உக்காராதேன்னு எல்லா வீட்டுலயும் சொல்லி விட்டிருக்காங்கப்பா,” என்றாள் அவள், ஓர் இரவு உணவின்போது. “நல்லதுதான். எங்கிட்ட யாரும் ரப்பர் கடன் கேக்கிறதில்ல.”

அவர் சிரிக்க முயன்றார்.

“வேலைய விட்டுடட்டுமாம்மா?”

“விட்டா, ஊழியர் பிள்ளைன்னு குடுத்த எடம் போயிடும். இன்னும் நாலு மாசம்தானே? தம்பியப் பாத்துக்குங்க, போதும்.”

பிப்ரவரியில் விசாரணை தொடங்கிற்று. இயக்ககத்தின் எழுத்தர் நீண்ட படிவத்தோடு வந்து அமர்ந்தார். படிவத்தில் நாள், நேரம், ஆயுதம், கொணர்ந்தவர் என நான்கு கட்டங்கள் இருந்தன.

“கொண்டு வந்தீங்களா இல்லையா?”

“கொண்டு வரச் சொன்னாங்க, கொண்டு வந்தேன்.”

“சொன்னாங்கன்னு எழுதக் கட்டம் இல்ல.”

“காரணம்னு ஒரு கட்டம் இருக்குமே, ஐயா?”

“காரணமா?” எழுத்தர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். அவர் கொடியவர் அல்லர், உண்மையாகவே தேடினார். “இல்லீங்களே. காரணத்தக் கேக்கிறதுன்னா ஆளுங்கள வச்சே கேக்கலாமே, எதுக்குக் கருவி?”

விசாரணை நான்கு நாள் நடந்தது. அந்நான்கு நாளும் கருவியைச் சோதித்தே தீர வேண்டும் என்று விதி இருந்தமையால், அவர் ஆயுதத்தோடுதான் விசாரணைக்கு வந்தார். ‘விசாரணைக் காலத்திலும் குற்றத்தைத் தொடர்ந்தார், வருந்தியதாகத் தெரியவில்லை’ என்று அறிக்கை முடிந்தது. மொத்தம் நூற்று முப்பத்தொன்று.

தலைமையாசிரியை சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்க, இயக்குநர் ஒரு தாளை மேசையில் நகர்த்தினார். தாம் பள்ளிக்கு ஆபத்தானவர் என்பதை வாயிற்காவலர் ஒப்புக்கொள்ள வேண்டும்; பணியினின்று விலக வேண்டும்; வாயிலிலிருந்து இருநூறு மீட்டருக்குள் வரலாகாது. அவ்வாறாயின் மகள் தேர்வெழுதலாம். அவர் எல்லையைத் தாண்டினாலோ, மகளைக் கண்டு கருவி ஒரு முறை கத்தினாலோ, அவளுடைய தேர்வு செல்லாது.

“இதுல கையெழுத்துப் போட்டாத்தான் எம்பொண்ணு எழுதுவாளாங்க?”

“நாங்க கட்டாயப்படுத்தல. நீங்களா விரும்பித்தான் போடணும்,” என்றார் இயக்குநர் கனிவோடு. “நீங்க விரும்பலைன்னா அவ எழுத முடியாது. அவ்வளவுதான்.”

அவர் தலைமையாசிரியையைப் பார்த்தார். “அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா…”

“நல்லபடியா இருங்க,” என்றார் தலைமையாசிரியை. அதுவே அந்த ஒரு வார்த்தை.

வாயிற்காவலர் கையெழுத்திட்டார். பின்னர் பையிலிருந்த துண்டுப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். இயக்குநர், தலைமையாசிரியை, எழுத்தர் மூவரும் எழுந்துவிட்டனர். ஆயுதத்தைப் பள்ளி பெறலாகாது, விதி நான்கு. இயக்ககமும் நேரில் பெறலாகாது. அஞ்சலில் வந்தால்தான் பதிய முடியும். அஞ்சலகத்திலோ, உள்ளே என்ன என்று கேட்டார்கள். மாதிரி ஆயுதம் என்று உண்மையைச் சொன்னார். வெளியே போகச் சொன்னார்கள். தம்பி மீண்டும் அலமாரிக்கே வந்து சேர்ந்தான்.

வாயிலுக்குப் புதியவர் ஒருவர் வந்தார். விளக்கை மட்டுமே பார்க்கப் பழக்கப்பட்டவர். கருவிக்குக் காட்ட ஆயுதம் ஏதும் அவரிடம் இல்லை. அதை எவரும் கேட்கவுமில்லை. இரண்டு வாரத்தில் இயக்ககம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது: ‘ஆபத்தின் மூலம் அகற்றப்பட்ட பின் இவ்வாயிலில் ஓர் ஆயுதமும் பிடிபடவில்லை. கருவியின் முழு வெற்றிக்கு இதனினும் சான்று வேண்டுமோ?’ கீழே அவருடைய சிரித்த படம். அதன் கீழே, ‘பிள்ளைகளே, இவரோடு பேசாதீர்.’ சரியாக இருநூறாவது மீட்டரில் நின்ற விளக்குக் கம்பத்தில் அதை ஒட்டி, தரையில் ஒரு வெள்ளைக் கோடும் இழுத்தனர்.

நாள்தோறும் காலையில் அவர் மகளோடு அக்கோடு வரை நடந்து வந்து, தம் படத்தின் அருகே நின்று, அவளை அனுப்பிவிட்டு, கிடங்கில் மூட்டை சுமக்கச் சென்றார்.

மார்ச்சு பதினேழு. தேர்வின் கடைசி நாள். காலையில் ஒரு தாள், பிற்பகலில் ஒரு தாள். அன்று அவர் கிடங்குக்கு விடுப்புச் சொல்லிவிட்டார். விடியலிலேயே சமைத்து, டப்பாவைத் துண்டில் சுற்றி அலமாரியில் தம்பிக்கு வலப்புறம் வைத்தார். மகள் பேனாவைச் சோதித்துக்கொண்டிருந்தாள். அவர் அலமாரியின் இடப்புறப் பொட்டலத்தை எடுத்து அவள் பையிலும் மற்றதைத் தம் பையிலும் இட்டார். நூற்று முப்பத்தொரு காலைகள் செய்த வேலையைக் கைகள் தாமே செய்தன. அவர் மனம் அவள் தேர்வில் இருந்தது.

கோட்டருகே வந்ததும் மகள் நின்றாள்.

“வரட்டுமாப்பா?”

“நிதானமா எழுது. தெரிஞ்சத மொதல்ல எழுது.”

“நீங்க சாயங்காலம் வரைக்கும் இங்கயா நிக்கப்போறீங்க? உங்க படமே நிக்குது, போதாதா?”

“படத்துக்குக் கால் வலிக்காது. எனக்கு வலிச்சாத்தான் திருப்தி. போம்மா.”

அவள் சிரித்துக்கொண்டே நடந்தாள். எழுபது அடி சென்றிருப்பாள். கைக்குட்டை எடுக்க அவர் பைக்குள் கை விட்டார். விரலில் வட்டமான விளிம்பு ஒன்று பட்டது, இளஞ்சூடாக இருந்தது. அது சோற்று டப்பா.

அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது கால்கள் கோட்டை நோக்கிப் பாய்ந்து, கோட்டின் விளிம்பிலேயே நின்றுவிட்டன. தாண்டினால் தேர்வு செல்லாது. தாண்டாவிட்டால் கருவி கத்தும். அப்போதும் தேர்வு செல்லாது. கூப்பிடலாமென்றால், ஆபத்தானவரின் குரல் கேட்டு வாயிலில் உள்ளோர் எல்லாரும் திரும்புவர். அவள் பையைத்தான் முதலில் திறப்பர். அவளுடைய பின்னல் சிறிதாகிக்கொண்டே போயிற்று. வரிசையில் நின்றாள். முன்னால் மூவர், இருவர், ஒருவர். புதிய காவலர் அண்ணாந்து நின்றார்.

அவள் கருவிக்குள் நுழைந்தாள்.

பச்சை எரிந்தது. காகம் ஒன்று கத்தியது, கருவி கத்தவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்தார். ஒரு வாரம் காட்டலைன்னா தூங்கிடும் என்று அப்பெண் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தம் வாழ்வைக் கெடுத்த கருவியை அவர் இரு கையும் கூப்பி வணங்கினார். வணங்கிய கை இறங்குமுன்பே வேறோர் எண்ணம் வந்தது. அதை அவர் மாலை வரை வெளியே சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை.

மூன்று நாற்பதுக்கு மகள் வந்தாள். கோட்டைத் தாண்டி வந்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி தேர்வைப் பற்றியதன்று.

“பசிச்சுதாம்மா?”

“ரொம்ப. மரத்தடியில உக்காந்து முடிச்ச அவுத்தேன். தம்பி இருந்தான்.”

“ஐயோ. யாராவது பாத்தாங்களா?”

“எம்பக்கத்துல யாருப்பா உக்காருறா, பாக்கிறதுக்கு?” அவள் பையை மார்போடு அணைத்திருந்தாள். “திரும்பக் கட்டி வச்சுட்டேன். மத்தியானத் தாள்ல எழுத்துக் கொஞ்சம் கோணலா இருக்கும். ஆனா எல்லாம் எழுதிட்டேன்.”

அவர் டப்பாவைத் திறந்து நீட்டினார். அவள் கம்பத்தில் சாய்ந்து நின்றவாறே ஆறிய சோற்றை அள்ளி அள்ளித் தின்றாள். பாதி தின்றபின் கேட்டாள்.

“அது ஏம்ப்பா கத்தல?”

“தூங்குதும்மா.”

“எப்பத்துலேருந்து?”

“நான் போன ஒரு வாரத்துலேருந்து இருக்கும்.”

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். “போய்ச் சொல்லிடலாமா?”

“என்னன்னு சொல்றது? எம்பொண்ணு அதை எடுத்துக்கிட்டுப் போனா, கத்தலைன்னா? உன் தாளக் கிழிச்சுப் போட்டுடுவாங்க.”

இருவரும் வாயிலைப் பார்த்தனர். அறுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் படிக்கும் பள்ளி. பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே ஒருவர் அண்ணாந்து நின்றார்.

“அப்ப, அந்த வாசல்ல இப்ப யாருமே பாக்கலயாப்பா?”

கீழ் வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக வந்து கோட்டைக் கடந்துகொண்டிருந்தனர். விதி ஒன்பது கோட்டுக்கு இப்புறம் இல்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் முகங்களைப் பார்க்கலானார். ஒரு முகம், இன்னொரு முகம், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. பின்னர், கூட்டத்துக்குப் பின்னே தனியே, ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்தாள். அவளது வலக்கை இறுக மூடியிருந்தது.

அவர் மண்டியிட்டு அமர்ந்தார். “கண்ணு, இங்க வாம்மா. மொகம் ஏன் இப்படி இருக்கு? கையில என்ன?”

சிறுமி நின்றாள். உதடு துடித்தது. “கேட் மாமா…” என்று தொடங்கி, ஓர் அடி எடுத்து வைத்தாள். அப்போது அவர் தலைக்கு மேல் கம்பத்தில் சிரித்துக்கொண்டிருந்த படத்தைக் கண்டாள். அதன் கீழிருந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவர்கள் நன்றாகப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளி அது.

மூடிய கையைத் திறவாமலே அவள் ஓடினாள்.

தெருமுனையில் அவள் மறைந்த இடத்தை அவர் மண்டியிட்டபடியே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவர் தோளைத் தொட்டு, “வாங்கப்பா, போலாம்” என்றபோது மணி மூன்று ஐம்பத்திரண்டு.